நகத்துக்கும் ப்ரைமர் வேணும்

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆசையா போட்ட நெயில் பாலிஷ், புதன்கிழமை லேப்புக்குப் போறதுக்குள்ள நுனியில உரிஞ்சு நிக்குதா? பாட்டிலைத் திட்டாதீங்க. 60 ரூபா பாட்டிலா, 600 ரூபா பாட்டிலா என்பதெல்லாம் ரெண்டாவது விஷயம். வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வர்ற அண்ணன் என்ன செய்றார்னு ஒரு நாள் நின்னு பாருங்க. கலர் டப்பாவை அவர் கடைசியாத்தான் திறப்பார். முதல்ல எமெரி பேப்பர் வச்சு துருவைத் தேய்ப்பார், எண்ணெய்ப் பிசுக்கைத் தொடைப்பார், ரெட் ஆக்ஸைடு ப்ரைமர் ஒரு கோட் விடுவார். நகத்துக்கும் அதே வரிசைதான். நாம என்ன பண்றோம்? நேரா கலர்ல இறங்கிடுறோம்.

பாட்டிலுக்குள்ள இருக்கிற முக்கியமான சரக்கு நைட்ரோசெல்லுலோஸ். ஈத்தைல் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரி கரைப்பான்கள்ல அது கரைஞ்சிருக்கும். ஒட்டுறதுக்கு ஒரு ரெசின், வளைஞ்சு கொடுக்க ஒரு பிளாஸ்டிசைசர், நிறத்துக்குப் பிக்மென்ட். பூசினதும் கரைப்பான் ஆவியாகிப் போயிடும், படலம் மட்டும் மிஞ்சும். 1920-கள்ல அமெரிக்காவில் கார்களுக்கு அடிச்ச லேக்கரும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். மருதாணி வேற கதை. அதுல இருக்கிற லாசோன் நகத்தோட கெரட்டினுக்குள்ளயே போய் ஒட்டிக்கும். உரியறதுக்கு அங்க படலமே கிடையாது, நகம் வளர்ந்து வெட்டுப்படுற வரைக்கும் நிறம் அங்கேயே இருக்கும். நெயில் பாலிஷ் நகத்து மேல வந்து உட்கார்ந்த விருந்தாளி. உட்கார நல்ல இடம் கொடுக்கணும்.

அந்த இடத்தைக் கெடுக்கிற முதல் ஆள் தண்ணி. நகம் தண்ணியை உறிஞ்சி லேசா உப்பும், காய்ஞ்சதும் சுருங்கும். காய்ஞ்சு இறுகின படலம் அந்த அளவுக்குக் கூடவே சுருங்காது, அதனால விளிம்பு தூக்கிக்கும். பார்லர்ல வெதுவெதுப்பான தண்ணியில கையை ஊற வச்சுட்டு உடனே பாலிஷ் போடுறது சுகமா இருக்கும், ஆனா நிலைச்சு நிக்கிறதுக்கு அது நேர் எதிர். ஹாஸ்டல் பொண்ணுங்க ஒரு பக்கெட் துணியைத் துவைச்சுட்டு ஈரக் கையோட ஆரம்பிக்கிறதும் அதேதான். துணியைக் காலையில முடிங்க. மெஸ்ல ராத்திரிச் சாப்பாட்டையும் முடிச்சுட்டு உட்காருங்க, ஏன்னா பாதி காய்ஞ்ச பாலிஷோட சுடச்சுட ரசம் சாதம் பிசைய முடியாது.

அடுத்த ஆள் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வச்ச விரல் எத்தனை தரம் சோப்பு போட்டாலும் கொஞ்சம் பிசுக்கு வச்சிருக்கும். கையைக் கழுவி, நல்லா காய வச்சு, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு ஒவ்வொரு நகத்தையும் தொடைங்க. சானிடைசர் வேண்டாம், பெரும்பாலும் அதுல கிளிசரின் இருக்கும். ஸ்பிரிட் போட்ட அப்புறம் நகத்தைத் தொடாதீங்க. என் அனுபவத்துல, ரெண்டு நாள் பாலிஷுக்கும் ஏழு நாள் பாலிஷுக்கும் நடுவுல இருக்கிறது இந்த ஒரு நிமிஷ வேலை.

இனி ப்ரைமர், அதாவது பேஸ் கோட். பலர் காசு மிச்சம் பிடிக்கிறது இங்கதான். கலரை நகத்தோட பிடிச்சு வைக்கிறது அதுதான், அடர் சிவப்பு நகத்துல மஞ்சளா கறை விடாமலும் காப்பாத்தும். ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கினா யாருக்கும் பாரம் இல்ல. அப்புறம் கலர் ரெண்டு கோட். ரெண்டுமே மெல்லிசா. முதல் கோட் திட்டுத்திட்டா, பார்க்கவே பரிதாபமா இருக்கும், விடுங்க. ஒரே கோட்டா கெட்டியா அப்பினா மேல மட்டும் தோல் கட்டும், அடியில மாட்டிக்கிட்ட கரைப்பான் வெளிய வர வழியில்லாம குமிழ் விடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல ஒரு பாட்டு முழுசா ஓடுற நேரம் கொடுங்க. தோல்ல பட்டா உடனே தொடைச்சிடணும், உரியறது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு கோட்டுலயும் நகத்தோட நுனி விளிம்பு இருக்கே, தட்டச்சு பண்ணும்போது கீபோர்டுல இடிக்குமே, அது மேலயும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்துடுங்க. கடைசியா டாப் கோட். 15 நிமிஷத்துல தொட்டா ஒட்டாது, ஆனா முழுசா இறுக ராத்திரி முழுக்க ஆகும். உடனே போர்வைக்குள்ள கையை விட்டா காலையில நகத்துல போர்வை டிசைன் பதிஞ்சிருக்கும்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்குன்னு கேட்பீங்க. நான் மெக்கானிக்கல், கிளாஸ்ல பொண்ணுங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்ல என் கையைப் பார்த்துட்டு ஒருத்தர், "இந்தக் கையை வச்சுக்கிட்டு ஃபைல் பிடிப்பியாம்மா?"ன்னு கேட்டார். சுத்தி சிரிப்பு. அன்னைக்கு நான் ராவின வி ஜோடியை வெளிச்சத்துல பிடிச்சா நடுவுல கோடு தெரியல. அதைப் பத்தி யாரும் ஒண்ணும் கேட்கல.

ஒர்க்‌ஷாப் விதிகளை நான் மதிக்கிறவ. லேத் பக்கத்துல தலைமுடியைக் கட்டணும், துப்பட்டா கூடாது, மோதிரம் வளையல் கூடாது, கையுறைகூடக் கூடாது. சுத்துற சக் எதையும் பிடிச்சு இழுத்துடும். நகம் நீளமா இருந்தா வெட்டு, அதுவும் நியாயம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போறவங்க நகப் பூச்சை எடுக்கச் சொல்றாங்க, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அடர் நிறத்துல தப்பா காட்டலாம் என்பது ஒரு காரணம். ஒட்ட வெட்டின நகத்து மேல இருக்கிற சிவப்பு நிறத்துக்கு அப்படி என்ன காரணம் இருக்கு? எந்த மெஷினும் அதைப் பிடிச்சு இழுக்காது. பாலிஷ் முழுசா இருந்தா "அலங்காரத்துக்கே நேரம் போகுது", உரிஞ்சிருந்தா "கையைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல". ரெண்டுல ஒரு பேச்சையாவது குறைக்கலாமேன்னுதான் நான் ஸ்பிரிட் பாட்டில் வாங்கினேன். இப்ப அரம் பிடிச்ச அடுத்த நாளும் பத்து நகமும் சிவப்பா இருக்கு. எனக்கு அதுல ஒரு அல்ப சந்தோஷம்.

பராமரிப்பு பெருசா இல்ல. வலது கைதான் சீக்கிரம் உரியும், சாப்பிடுறது, எழுதுறது, துவைக்கிறது எல்லாம் அதுதானே. பொறுமை இருக்கும்போதே வலது கைக்கு முதல்ல போட்டுடுங்க. மூணாம் நாள் டாப் கோட் இன்னொண்ணு. வெளிர் நிறம் பிடிக்கும்னா லெமன் சாதத்தைக் ஸ்பூன்ல சாப்பிடுங்க, மஞ்சள் கறை விடாது. கெட்டியான பாட்டில்ல ரிமூவரை ஊத்தாதீங்க, படலம் பலவீனமாயிடும்.

வீட்லயே லேம்ப் வச்சுப் போடுற ஜெல் கிட் ரெண்டு மூணு வாரம் நிக்கும், உண்மைதான். ஆனா முழுசா இறுகாத ஜெல் தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா அக்ரிலேட் அலர்ஜி வரலாம். அது வந்துட்டா ஆயுசுக்கும் போகாது, நாளைக்குப் பல் அடைக்கிற பொருள்கூடச் சேராமப் போகலாம். எனக்கு அந்த பேரம் பிடிக்கல.

எடுக்கும்போது சுரண்டி உரிக்காதீங்க, நகத்தோட மேல் அடுக்கும் சேர்ந்து வரும். பஞ்சை ரிமூவர்ல நனைச்சு, 20 எண்ணுற வரைக்கும் நகத்து மேல அழுத்தி வச்சு, நுனிப்பக்கமா ஒரே இழுப்பு. கொசுவத்திச் சுருள் எரியுற ரூம்ல மட்டும் வேண்டாம், அசிட்டோன் ஆவி சட்டுனு பத்திக்கும். சுருளை அணைச்சு, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஆரம்பிங்க.