உப்புக்காற்றும் எலக்ட்ரான் கன்னும்

பிக்சர் டியூப் டிவி வீட்டைவிட்டுப் போய் வருஷமாகிறது. பின்பக்கம் கழுத்து நீண்ட அந்தப் பெட்டியை எங்கள் பேரப்பிள்ளைகள் பார்த்ததே இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து, 2006-க்குப் பின் அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி வரை, நம் பக்கத்துக் குப்பங்களில் படம் காட்டியது அந்தக் கழுத்துக்குள் இருந்த எலக்ட்ரான் கன்தான். டிவி ரிப்பேரில் பிழைத்தவன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம்.

கத்தோடு என்பது சட்டைப் பட்டனைவிடச் சின்ன நிக்கல் மூடி. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூச்சு. உள்ளே 6.3 வோல்ட் ஹீட்டர். சூடானதும் எலக்ட்ரான் கிளம்பும். எதிரே ஊசித் துளை போட்ட தகடுகள். எவ்வளவு எலக்ட்ரான் போகலாம் என்பதை அவை தீர்மானிக்கும்.

வெளியே விட்டால் மட்டும் போதுமா? எண்ணூர் ஸ்டேஷனில் லோக்கல் வண்டியிலிருந்து இறங்கும் கூட்டம் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். எல்லாம் ஒரே மின்னேற்றம் அல்லவா. விரிந்த கற்றையைத் திரையில் ஒரு புள்ளியாகச் சேர்க்க லென்ஸ் வேண்டும். கண்ணாடி லென்ஸ் அல்ல. இரண்டு உலோகக் குழாய்கள், நடுவில் சின்ன இடைவெளி, இரண்டுக்கும் வேறு வேறு வோல்டேஜ். அந்த இடைவெளியில் இருக்கும் மின்புலமே எலக்ட்ரானை நடுவுக்கு வளைக்கும். காந்தச் சுருளும் லென்ஸ் போல வேலை செய்யும் என்று 1926-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் புஷ் கணக்குப் போட்டுக் காட்டினார். ரொம்பப் பழைய டிவிகளில் கழுத்தைச் சுற்றிக் காந்தம் வைத்துத்தான் ஃபோகஸ் செய்தார்கள். ராடாருக்கும் சாட்டிலைட்டுக்கும் ஆன டியூப்களில் கரன்ட் அதிகம், நெரிசலும் அதிகம். அதற்குத் தகடுகளை எந்த வடிவில் வளைக்க வேண்டும் என்ற வழியை 1940-ல் பியர்ஸ் என்ற அமெரிக்கர் சொன்னார். நம் நாட்டில் பிலானியில் உள்ள சீரி ஆய்வகம் அந்த வகை டியூப்களைச் செய்கிறது.

கலர் டிவியில் திரைப்பக்கம் சுமார் 25 ஆயிரம் வோல்ட். ஃபோகஸுக்கு அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. நம் கடற்கரையில் வம்பு பிடித்தது இந்த ஃபோகஸ் வோல்டேஜ்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் காட்டுப்பள்ளிக் குப்பத்து அக்கா ஒருவர் வந்தார். "தம்பி, டியூப் போயிடுச்சாம். டவுன் கடையில சொல்லிட்டாங்க. கம்மலை வச்சாதான் ஆவும்" என்றார். அப்போது டியூப் மாற்றுவதென்றால் பாதி டிவி விலை.

போய்ப் பார்த்தேன். போட்டதும் படம் கலங்கல், எழுத்து படிக்க முடியவில்லை. ஆனால் வெளிச்சம் குறையவில்லை. இருபது நிமிஷத்தில் தானாகத் தெளிந்தது. கத்தோடு தேய்ந்திருந்தால் படம் மங்கும், முகத்தில் வெள்ளி பூசினது போல் தெரியும். இது அது இல்லை. கழுத்தின் முனையில் மாட்டும் சாக்கெட்டைக் கழற்றினேன். ஃபோகஸ் பின் இருக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு! ஃபோகஸ் வோல்டேஜ் பெரிய மெகாஓம் ரெசிஸ்டன்ஸ் வழியாக வருவது; துளி ஈரத்தில் கசிந்தாலும் இறங்கிவிடும். செட் சூடாகி ஈரம் உலர்ந்ததும் வோல்டேஜ் ஏறும், படம் தெளியும். கன் நன்றாகத்தான் இருந்தது.

சாக்கெட் விலை ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக்கூட வராது. மாற்றி, ஃபோகஸ் திருகைச் சரி செய்தேன். கம்மல் காதிலேயே இருந்தது. அதே களிம்பைப் பழவேற்காடு வரைக்கும் எத்தனை வீட்டில் சுரண்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. டியூப்பைக் குற்றம் சொல்வது மெக்கானிக்குக்குச் சுலபம், லாபமும் கூட.

"அக்கா, கடல் பக்கத்து ஜன்னலைச் சாயங்காலம் மூடி வையுங்க" என்றேன்.

"மூடிட்டா போட்டு திரும்புறது எப்படிப்பா தெரியும்?" என்றார்.

டிவியை ஜன்னலை விட்டு எதிர்ச்சுவருக்கு மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.