முதலெழுத்துக்கு ஒரு கட்டம்

சென்ற ஞாயிறு மாலை ராஜபாளையத்தில் நண்பரொருவர் வீட்டு மாடியில் ஐவர் கூடினோம். திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த இருவர் வழக்கம்போல் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்திருந்தனர். பேசுபொருள் இலக்கியமன்று, ஒரு பிளகின். கல்லூரியில் சுவடியியல் நடத்துகிறவருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வீட்டிலும் அதையே கேட்டார்கள்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் அரைமணிப் பயணம். இவ்விரண்டு ஊர் வீடுகளின் பரணில் கிடக்கும் பழைய நூல்கள், இதழ்கள், கையெழுத்து நோட்டுகள் ஆகியவற்றுக்கு ஓர் அட்டவணை செய்து தளமொன்றில் ஏற்றி வருகிறோம். நூல்கள் எடைக்குப் போய்விடுகின்றன. பல நேரங்களில் அட்டவணைக் குறிப்பு மட்டுமே எஞ்சுகிறது. தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குவது. 2003இல் வலைப்பதிவுக்கென்று பிறந்த அம்மென்பொருள் தலைப்புக்கு ஓர் இடமும் உள்ளடக்கத்துக்கு ஓர் இடமும் தரும். ஆசிரியர், அச்சகம், ஆண்டு, ஊர் என்று தனித்தனிக் கட்டங்கள் வேண்டுமானால் துணை நிரல் ஒன்றை நாடவேண்டும். ஆஸ்திரேலியாவின் எலியட் காண்டன் 2011இல் வெளியிட்ட 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' அவ்வகையில் பெயர்பெற்றது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருக்கிறது. அடுத்த பதிப்புகளில் என்ன வேண்டும் என்று பயன்படுத்துவோர் எழுதித் தெரிவிக்கலாமாம். "நாமும் எழுதுவோம் ஐயா. நம்ம ஊர்ச் சிக்கல் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கணினி தெரிந்த இளைய நண்பர்.

முதற்சிக்கல் மாவட்டம். 1905இல் திருவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டம். 1910க்குப் பின் இராமநாதபுரம். 1985இல் காமராஜர் மாவட்டம். 1997இலிருந்து விருதுநகர் மாவட்டம். ஊர் நகரவேயில்லை, ஆண்டாள் கோயில் கோபுரமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கட்டத்துக்குள் மட்டும் நான்கு மாவட்டங்கள். ஆண்டைக் குறித்தவுடன் மாவட்டம் தானே மாறவேண்டும் என்று கேட்கலாமா என்றார் ஒருவர். அவ்வளவு பேராசை வேண்டாம் என்று அதை விட்டுவிட்டோம்.

பெயர் அப்படி எளிதில் விடக்கூடியதன்று. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் வைப்பது மேலைநாட்டு வழக்கம். நமக்கோ தலைப்பெழுத்து. அதிலும் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களில் முதலில் வீட்டுப்பெயர், அடுத்துத் தந்தை பெயர், பின்னரே தம் பெயர். சென்னை மாகாண முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கியவர். அவர் பெயரிலுள்ள 'பூ' பூசபாடி என்னும் வீட்டுப்பெயர். 'ச' தந்தையார் சஞ்சீவி. இரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்தால் அகரவரிசையில் ஒரு குடும்பத்தார் பத்து இடங்களில் சிதறுவர்.

நிற்க. இவையெல்லாம் பட்டியலில் எழுதத்தக்க சிக்கல்கள்தாம். ஆனால் அன்று கூடியதற்கு உண்மையான காரணம் ஒரு நோட்டு.

திருவில்லிபுத்தூரில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் தாயாரின் பாட்டு நோட்டைத் தந்திருந்தார். கோடு போட்ட பள்ளி நோட்டு, மைப்பேனா எழுத்து. தாலாட்டு, ஊஞ்சல், நலங்கு, ஒப்பாரி என எண்பதுக்கு மேற்பட்ட பாடல்கள். தாயார் ராஜபாளையத்தில் பிறந்து திருவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். பாதிப் பாடல்கள் தமிழ்; மீதி தெலுங்கு, ஆனால் தமிழ் எழுத்தில். எம் மாணவர் ஒருவர் எழுத்தைப் பார்த்து மொழிக் கட்டத்தில் 'தமிழ்' என்று குறித்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மொழிக்குக் கட்டம் இருந்தது, எழுத்துக்கு இல்லை.

கடைசிப் பக்கத்தில் விசுவாவசு வருடம் ஆடி மாதம் எழுதி முடித்ததாகக் குறிப்பு. ஆண்டு சுழற்சியில் விசுவாவசு 1905ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம். அம்மையார் தாம் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது தாயார் இதை எழுதக் கண்டவர் என்பதால் 1965 என்று முடிவு செய்தோம். நாட்காட்டிக் கட்டமோ முழுத்தேதி கேட்டது. ஆடி என்றால் அதற்குப் புரியாது. ஆண்டு மட்டும் கொடுத்தால் ஏற்காது. தேதி தெரியாத நூல்களுக்கெல்லாம் சனவரி முதல் தேதியைக் கொடுத்து வந்திருக்கிறோம் என்பதை அன்றுதான் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டோம். பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஒரு பிறந்தநாளைத் தாமே எழுதிக்கொண்ட கதைதான்.

இவற்றையெல்லாம் மடிக்கணினியில் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மையார் கேட்டார்: "தம்பி, இதுல எங்கம்மா பேரு எங்க வரும்?"

ஆசிரியர் என்ற கட்டத்தில் போட முடியாது, அவர் இயற்றியவரல்லர். பதிப்பாசிரியருமல்லர். உரிமையாளர் என்றால் மகள் பெயர் வந்துவிடும். இத்தனைக்கும் ஏட்டுச்சுவடி பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுக்கிறவர் நாம். ஏட்டின் இறுதியில் ஆண்டு, மாதம், நாள் சொல்லி, இன்ன ஊர் இன்னார் எழுதியது என்று எழுதினவன் தன் பெயரை வைப்பான். இயற்றியவர் வேறு, எழுதியவர் வேறு என்பது அவனுக்குத் தெரியும். அதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டிய கைதான் நம் தளத்துக்குக் கட்டங்களை வகுத்தது. எழுதியவருக்கு ஓர் இடம் வைக்கத் தோன்றவில்லை.

இளைய நண்பர் சொன்ன வழி, பெயரும் பங்கும் சேர்ந்த இரட்டைக் கட்டத்தை வேண்டுமட்டும் அடுக்கிக்கொள்வது: பாடியவர், எழுதியவர், பாதுகாத்தவர் என்று. அந்த வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இடையில் 2024 அக்டோபரில் ஒரு பூசல் எழுந்தது. வேர்ட்பிரஸ் பொதுக்கிடங்கை நடத்துவோர், அப்போது டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தின் கையிலிருந்த அந்த நிரலின் இடத்தை எடுத்துக்கொண்டு 'செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்று வேறு பெயரில் வெளியிட்டனர். வழக்கு கலிபோர்னியா நீதிமன்றம் சென்று, டிசம்பரில் இடைக்காலத் தடையாணை வந்தபின் பழைய இடம் பழையவர்க்கே திரும்பியது. புதுப்பெயர் நிரலும் தனியே தொடர்கிறது. அடுக்கும் வசதி அதில் இலவசம். எதைக் கொள்வது என்று ஒருமணி நேரம் வாதிட்டோம். யார் சண்டையில் யார் வென்றாலும் நம் குறிப்புகள் சாதாரண அட்டவணைக் கோப்பாக நம்மிடமும் ஒரு படி இருக்கவேண்டும் என்பதில் மட்டும் ஐவரும் ஒன்றுபட்டோம்.

எழுதி அனுப்பும் பட்டியல் இறுதியில் இரண்டே வரிகளாகச் சுருங்கியது. முழுமையற்ற தேதியை ஏற்கும் கட்டம் வேண்டும். தேதியருகே 'உத்தேசம்' என்று குறிக்க வழி வேண்டும். வீட்டுப்பெயர்க்கும் எழுத்துக்கும் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை, நாமே கட்டம் போட்டுக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் திருவில்லிபுத்தூர் சென்று அம்மையார் முன்னிலையிலேயே 'எழுதி வைத்தவர்' என்றொரு கட்டம் சேர்த்தோம். தாயார் பெயரை அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். (தளத்தில் இருக்கிறது, இங்கு வேண்டாம்.) தலைப்பெழுத்து என்ன என்று கேட்டதற்கு அவர் சற்று யோசித்தார். பிறந்த வீட்டு எழுத்தா, புகுந்த வீட்டு எழுத்தா? "அம்மா எங்கயும் கையெழுத்துப் போட்டதில்ல தம்பி. நோட்டுல பேரு மட்டுந்தான் இருக்கு" என்றார்.

வெற்றிடமாக விட்டுச் சேமித்தால் தளம் ஏற்க மறுத்தது. கட்டாயம் நிரப்புக என்று சிவப்பு நட்சத்திரம். முதலெழுத்தைக் கட்டாயமாக்கியது நாமே. அதை நீக்கிவிட்டு மீண்டும் சேமித்தோம். அம்மையார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையில் அந்தப் பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தார்.