அட்மிரல் கட்டிய தேவாலயம்: பலெர்மோவில் ஒரு தங்கச் சுவர்!

கடற்படைத் தலைவரை 'அட்மிரல்' என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் 'அமீர்' என்ற அரபுச் சொல். தலைவர் என்று பொருள். அது ஐரோப்பாவின் கப்பல் ஏறியதில் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிசிலியின் தலைநகர் பலெர்மோ. அங்கே பெல்லினி சதுக்கத்தில் 'அட்மிரலின் புனித மரியா' தேவாலயம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு 'மார்டோரானா'. முகப்பு பிற்காலத்தில் மாற்றியது. அங்கேயே செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே சுவரெங்கும் தங்க மொசைக்!

1143 வாக்கில் இதைக் கட்டியவர் ஜார்ஜ். அந்தியோக்கியாவைச் சேர்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர். முதலில் இன்றைய துனிசியாவிலுள்ள மஹ்தியாவில் முஸ்லிம் அமீரிடம் வேலை பார்த்தார். அங்கே ஆட்சி மாறியதும், உயிருக்குப் பயந்து சிசிலிக்கு ஓடிவந்தார். அரபும் கிரேக்கமும் தெரிந்தவரை நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் விடுவாரா? கடற்படையையே ஒப்படைத்தார். 1147-ல் கிரேக்க நகரமான தீப்ஸைச் சூறையாடிய ஜார்ஜின் படை, பட்டு நெசவாளர்களையும் பலெர்மோவுக்குப் பிடித்து வந்தது. மறு வருடமே, தான் ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிய மஹ்தியாவையும் கைப்பற்றினார்.

ஒரு மொசைக்கில் இயேசுவே ரோஜருக்கு முடிசூட்டுகிறார். மேலே 'ரெக்ஸ்' என்ற லத்தீன் சொல், கிரேக்க எழுத்தில்! இன்னொன்றில் மாதாவின் காலடியில் ஜார்ஜ். பிற்காலத்தில் மோசமாகச் சரிசெய்ததில், பாவம், அட்மிரல் ஆமை மாதிரி ஆகிவிட்டார். ஒரு தூணில் அரபு எழுத்தில் குர்ஆன் வாசகம். 1184 கிறிஸ்துமஸின்போது இதைப் பார்த்து வியந்த இப்னு ஜுபைர், ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம் பயணி. ஊரின் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்தியிருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

எல்லோரும் ஒன்றாக வாழ்ந்த பொற்காலம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். முழுக்க நம்ப வேண்டாம். 1151-ல் ஜார்ஜ் இறந்த பிறகு கடற்படையை நடத்தியவர் மஹ்தியாவின் பிலிப். 1153-ல் ஆப்பிரிக்கக் கரையில் போனா நகரைப் பிடித்துத் திரும்பினார். அதே வருடம், ரகசியமாக இஸ்லாத்தைப் பின்பற்றுகிறார் என்று குற்றம்சாட்டி அவரை உயிரோடு எரித்தார்கள். அப்போதும் மன்னர் அதே ரோஜர்தான். 1220-களில் ரோஜரின் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக், சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லுச்சேராவுக்குக் குடிபெயர்க்கத் தொடங்கினார்.

மார்டோரானாவில் இன்றும் கிரேக்க முறைப்படிதான் வழிபாடு. நடத்துவது, அல்பேனியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறியவர்களின் வம்சாவளி. அரபு, அந்தத் தூணில் இருக்கிறது.