ஒரு சேவல், நாலு பேர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் காலேஜ் பசங்க குறும்படம் எடுத்தால் இயக்குநர் பேர் மட்டும்தான் ஊருக்குத் தெரியும். கேமரா தூக்கினவன் பேர் அவன் அம்மாவுக்குத் தெரியும்.

கான் வரைக்கும் போனாலும் இதே கதைதான். 2024 மே மாதம், மாணவர் படங்களுக்கான லா சினெஃப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது 'சன்ஃப்ளவர்ஸ் வேர் த ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ' என்ற கன்னடக் குறும்படம். 16 நிமிடம். ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிவிட, சூரியன் உதிக்காமல் போகிறது. சேவலை மீட்டு வர அவள் குடும்பத்தையே ஊரைவிட்டு அனுப்புகிறார்கள். திருடினது பாட்டி, தண்டனை குடும்பத்துக்கு. நம்ம பக்கத்துக் கதை மாதிரியே இல்லை?

இயக்கிய சிதானந்த நாயக் மைசூரில் டாக்டருக்குப் படித்தவர். செய்தி எல்லாம் அவரைப் பற்றித்தான். ஆனால் இது புனே திரைப்படக் கல்லூரியின் ஓராண்டு டிவி படிப்பில், நாலு துறை மாணவர்கள் சேர்ந்து நாலே நாளில் எடுத்த படம். எடிட்டிங் மனோஜ், ஒலி அபிஷேக் கதம், கேமரா சூரஜ் தாக்கூர். விடியாத ஊரைப் படம் பிடித்தவர் பேர் சூரஜ், இந்தியில் சூரியன் :-)

பரிசு 15,000 யூரோ. பேசி வைக்காத கூட்டு வியாபாரத்தில் லாபம் சமபங்கு என்கிறது 1932 கூட்டாண்மைச் சட்டம். பேர் வாங்குவதற்கு அந்தச் சட்டம் செல்லாது போல. அடுத்த தடவை காலேஜ் ஹாலில் படம் போட்டால், கடைசியில் பேர் ஓடி முடியும்வரை லைட்டைப் போடாமல் இருங்கப்பா.