எண்பத்தேழில் ஒரு பங்கு

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர் ஒருவராவது இல்லாத தெரு அயனாவரத்தில் குறைவு. அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே, அதே ரயில் பெட்டிகளை ஒரு சாணுக்குச் சற்று மேலாகச் சுருக்கிச் செய்கிறார்கள் மூன்று பேர். பணி ஓய்வு பெறுகிறவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கத்தான் அதிகம் கேட்டு வருகிறார்கள். வாங்குகிறவர் அந்தப் பெட்டியோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். அளவில் ஏமாற்ற முடியாது.

நான் போனபோது வாட்ஸ்அப்பில் ஒரு பெட்டியின் ஸ்கேன் படம் வந்திருந்தது. கணினி முன்னால் இருந்த பையன் 22,297 மில்லிமீட்டரை 87-ஆல் வகுக்கப் போனான்.

"டேய், அது பஃபர் டு பஃபர். பாடி 21,337தான்" என்றார் மாஸ்டர்.

இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பஃபர்களால் வரும் வித்தியாசம் 960. மாதிரியில் அது 11 மில்லிமீட்டர்.

மாஸ்டர் பெட்டியின் நீளத்தை வைத்துக் கணக்குப் போடுவதே இல்லை. போகி என்று அவர் சொல்வது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை; இரண்டு போகிகளின் மையங்களுக்கு நடுவே 14,783. "இதுல தகராறு கிடையாது சார். ரெண்டே புள்ளி." 87-ஆல் வகுத்தால் 169.9. வந்த படத்தை அப்படியே அச்செடுத்து அளந்தால் 137. ஆக, 124 சதவீதம் பெரிதாக்க வேண்டும்.

அதோடு விடவில்லை. வெர்னியரை எடுத்து, பெரிதாக்கிய படத்தில் சக்கரத்தைக் குறுக்கே அளந்தார், பிறகு நெடுக்கே. 915 மில்லிமீட்டர் சக்கரம் இரண்டு பக்கமும் 10.5 வர வேண்டும். நெடுக்கே 10.3 காட்டியது. ஸ்கேனர் படத்தை ஒரு பக்கம் அமுக்கியிருக்கிறது. உயரத்துக்கு மட்டும் தனியாக இரண்டு சதவீதம் கூட்டினார்கள். கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரிந்தது அந்தச் சக்கரம்; எனக்குச் சத்தியமாக வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த எதிரி பிரிண்டர். 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் அதுவாகவே மூன்று சதவீதம் போலச் சுருக்கிவிடும். 245 மில்லிமீட்டர் பெட்டியில் ஏழுக்கு மேல் போய்விடும். அசல் பெட்டியில் அது இரண்டு அடிக்கும் மேல். அதனால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று, கிடையாகவும் செங்குத்தாகவும். இரண்டையும் ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்க்காமல் கத்தியைத் தொடுவதில்லை.

தாளை, பெட்டியை வெட்டியெடுக்கும் ஷீட்டில் ஒட்ட ஃபெவிகால் கூடாதாம், ஈரத்தில் தாள் ஊறி நீளும். பசைக்குச்சிதான். ஜன்னல்களை வெட்டுகிற அக்கா கோட்டின் உள்விளிம்பில் பிளேடை ஓட்டுகிறார். மிச்சத்தை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

இத்தனைக்கும் பிறகு தண்டவாளத்தில் ஒரு சமரசம் இருக்கிறது. நம் அகலப்பாதை 1,676, மாதிரியில் 19.3 வர வேண்டும். கடையில் கிடைப்பது 1,435 ஸ்டாண்டர்ட் கேஜ் பாதைக்கான 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். ஓடுகிற மாதிரி கேட்டால் அதையே போடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதற்குச் சொந்தமாக 19.3-இல் செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். நம் வண்டியின் அந்த அகன்ற நிற்பு அதில்தான் வருகிறது.

மாதிரி செய்யப் படம் அனுப்புகிறவர்கள், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று குறித்து, ஒரே ஓர் அளவையாவது எழுதி அனுப்புங்கள்.