அரசின் பொருளும் அன்பர் தொண்டும்

பசித்தார்க்கு உணவும், பிணியுற்றார்க்கு மருந்தும், புகலற்றார்க்கு உறையுளும் அளித்தல் அரசின் கடனோ, சமயம் பேணுவாரின் கடனோ என்பது எந்நாட்டினும் எழுவதொரு வினா. அரசினிடம் பொருளுண்டு, ஆயின் நகரின் ஒதுங்கிய சந்தொன்றிலே கிடக்கும் நோயாளனின் பெயரை அஃது அறியாது. வழிபாட்டினாற் கூடிய அன்பர் குழாம் அவன் பெயரை அறியும். ஆயின் அதனிடம் பொருள் போதாது. இவ்விரண்டனையும் இணைத்துவிடின் குறை தீருமென்று தோன்றும். இணைக்கப் புகுந்தார்க்கே அதன் அருமை விளங்கும். அங்ஙனம் புகுந்தாருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டினராகிய ஜிம் டோவி என்பார்.

இவர் சட்டம் பயின்றவர். மார்க் ஹாட்பீல்டு என்னும் செனட்டரிடம் அலுவல் பார்த்தவர். 1985-ஆம் ஆண்டு கல்கத்தாவை அடைந்து அன்னை தெரசாவைக் கண்டார். காளிகட்டத்திலுள்ள, சாவை நோக்கியிருப்பார்க்கான இல்லத்தைச் சுற்றிப் பார்த்துத் திரும்புதலே அவர் கருத்து. ஆங்கிருந்த கன்னித்துறவி ஒருவரோ, இவர் தொண்டு செய்ய வந்தாரெனக் கொண்டு, பஞ்சும் மருந்தும் கையிற் கொடுத்து, சொறிசிரங்கு பற்றிய ஒருவனைத் துடைத்துத் தூய்மை செய்யுமாறு பணித்தார். தீண்ட விருப்பமில்லை, விருப்பமில்லையென்று சொல்லவும் நாணம் விடவில்லை. அன்பினாலன்று, செருக்கினாலேயே அன்று அப்பணியைச் செய்ததாக அவரே பின்னாளில் ஒளியாது உரைத்தார். செருக்கிற் றொடங்கிய தொண்டு அவரைப் பற்றிக்கொண்டது. வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயாளர்க்கென அன்னையின் துறவியர் நடத்திய இல்லத்தில் முழுநேரத் தொண்டராய்த் தங்கினார். பன்னீராண்டு அன்னைக்குச் சட்டத்துணைவராகவும் இருந்தார். இடையே 1993-இல் புளோரிடா மாநிலத்தின் சுகாதார, சமூகநலத் துறைக்குத் தலைவராயினார். இவ்வாறு நோயாளன் படுக்கையையும் அரசின் கோப்பையும் ஒருங்கே அறிந்தவர் இவர் என்க.

அந்நாட்டு அரசியற் சட்டத்தில் 1791-இல் ஏற்ற முதற்றிருத்தம், அரசு ஒரு சமயத்தை நிறுவுதலையும், சமய வழிபாட்டின் உரிமையைத் தடுத்தலையும் ஒருங்கே விலக்கியது. 1996-ஆம் ஆண்டின் சமூகநலச் சீர்திருத்தச் சட்டம், சமயச் சார்புடைய நிறுவனங்களும் தம் சமய இயல்பை இழவாமலே அரசின் நிதியைப் பெற்று அறப்பணியாற்றலாமென இடந்தந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இதற்கென வெள்ளை மாளிகையில் தனி அலுவலகம் ஒன்று கண்டார். அதன் முதற்றலைவராகிய பேராசிரியர் ஜான் டிலூலியோ ஓராண்டு நிறையுமுன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், விலகினார். 2002-இல் அவ்விடத்தை ஏற்ற டோவி 2006 வரை அதனைத் தாங்கினார்.

அவ்விடம் இரண்டு அச்சங்களின் நடுவே அமைந்தது. அரசின் பொருளைப் பெறும் அறநிலையம் அரசின் ஏவலாளாய் மாறிவிடுமோ என்பது ஓரச்சம். பசித்தவனிடம் உணவுக்கு விலையாக அவன் சமயம் கேட்கப்படுமோ என்பது மற்றோரச்சம். 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாளைய ஆணை இரண்டிற்கும் விடை தேடிற்று. சமயச் சார்புடைமை பற்றி எந்நிறுவனத்தையும் நிதிப்போட்டியினின்று விலக்கலாகாது. அரசு நேரே தரும் பொருளை வழிபாட்டிற்கும் சமய போதனைக்கும் செலவிடலாகாது. அவை காலத்தானோ இடத்தானோ வேறாக நிகழவேண்டும். உதவி பெறுவானைச் சமயம் பற்றி வேறுபடுத்தலும், வழிபாட்டிற்குக் கட்டாயப்படுத்தலும் கூடா என்பன அதன் சாரம். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்து உணவுச்சாலையை எண்ணுக. அரிசியும் ரொட்டியும் அரசின் பொருளால் வரலாம்; செபக்கூட்டம் ஆலயத்தாரின் சொந்தப் பொருளால், வேறு பொழுதிலோ வேறிடத்திலோ நடக்கவேண்டும். செபத்திற்கு வாராதவனுக்கும் அதே அளவு சோறு கிடைக்கவேண்டும்.

விதி எழுதியதனால் வழக்கு ஒழிந்திலது. அரசின் நிதி பெறும் நிலையம் தன் சமயத்தாரையே வேலைக்கு அமர்த்தலாமா என்ற பூசல் நீண்டது. தேர்தல் நோக்கங்கொண்ட அலுவலகமென்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வழக்கொன்று உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, வரி செலுத்துவோர் என்ற அளவில் இதனை எதிர்த்து வழக்காட உரிமையில்லையென 2007-இல் ஐவர்க்கு நால்வராய்த் தீர்ப்பாயிற்று. செயல் முறையுடையதா என்ற வினா தீராமலே நின்றது. அதிபர் மாறுந்தோறும் அலுவலகத்தின் பெயரும் மாறிற்று. சமயச் சார்புள்ள நிலையத்தில் உதவி பெற மனமொவ்வாதவனுக்கு வேறிடம் காட்டவேண்டுமென 2010-இல் விதித்த விதியும் பின்னர் நீக்கவும் திருத்தவும் பெற்றது.

பெயர் மாறும், விதி மாறும், மாறாதது ஒன்றுண்டு. சிரங்கு பற்றிக் கிடந்தவனுக்குப் பஞ்சு எவர் பொருளால் வந்ததென்பது பெரிதன்று. துடைக்கும் கை மென்மையாயிருத்தலே பெரிது. ஆயினும், அம்மென்மையை விலையாக்கி அவன் நெஞ்சின் நம்பிக்கையை வாங்க முயலின், அது மருந்தாகாது, வாணிகமாம். அரசையும் அன்பரையும் இணைக்க இடைநிற்பார்க்குரிய அளவுகோல் நிதியின் தொகையன்று. எத்தனை நிலையங்கள் கைச்சாத்திட்டன என்பதுமன்று. உதவி பெற்று வாயிலைக் கடப்பவன், உள்ளே வந்தபோதிருந்த தன் நம்பிக்கையோடும் நிமிர்ந்த தலையோடும் செல்கின்றானா என்பதொன்றே அவ்வளவுகோல்.