ஓங்கிய கை

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் நாளின் மாலைப்பொழுது தொலைக்காட்சிக்கு உரியது. விருந்து முடிந்து, அரச உரையும் கேட்டானபின், தாத்தா முதல் பேத்திவரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நேரம். 2005 முதல் 2017 வரை ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் பிபிசி ‘டாக்டர் ஹூ’ தொடரின் சிறப்பு அத்தியாயம் ஒன்றை ஒளிபரப்பியது. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 2010இல் வந்த ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’. எழுதியவர் ஸ்டீவன் மொஃபட்.

பெயரும் முதல் பொறியும் 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கதையிலிருந்து வந்தவை. இடம் மட்டும் வேறொரு கிரகம். அங்கே மூடுபனியில் மீன்கள் நீந்துகின்றன. கடன் வாங்கிய குடும்பங்கள் தங்கள் வீட்டு மனிதர்களையே அடகு வைக்கின்றன. அவர்கள் உறைபெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறார்கள். வட்டிக்குக் கொடுப்பவன் கஸ்ரன் சார்டிக். வானத்து மேகத்தை அடக்கும் இயந்திரமும் அவன் கையில். 4003 பேரோடு ஒரு விண்கலம் அந்த மேகத்துக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. காப்பாற்ற அவனுக்கு மனமில்லை.

அவன் மனதை மாற்ற வரும் தொடரின் நாயகன், காலப்பயணி டாக்டர், அவனை முதலில் படித்துவிடுகிறார். தன்மேல் எதையோ எறிந்த ஒரு சிறுவனை அடிக்கக் கை ஓங்கிய கஸ்ரன், அடிக்கவில்லை. அறையின் நாற்காலிகள் அவன் தந்தையின் படத்துக்கு முதுகு காட்டிக் கிடக்கின்றன. அடி வாங்கி வளர்ந்த பிள்ளை, தகப்பனைப் போல ஆகிவிடுவோமோ என்று அஞ்சுகிறான். தந்தை, மகன் இருவராகவும் நடித்தவர் மைக்கேல் காம்பன் என்பதால் அந்த அச்சம் முகத்திலேயே தெரிகிறது.

டாக்டர் அவனுடைய சிறுவயதுக்குள் போகிறார். கிழவன் நாற்காலியில் உட்கார்ந்து தன் பழைய படப்பதிவைப் பார்க்கப் பார்க்க, அவன் நினைவுகள் மாறுகின்றன. உறைபெட்டியில் அடகாகக் கிடக்கும் அபிகெயில் என்ற பெண்ணை டாக்டரும் சிறுவனும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும் எழுப்பி, ஊர் சுற்றி, மீண்டும் படுக்கவைக்கிறார்கள். சிறுவன் இளைஞனாகிறான், காதலிக்கிறான். அவளோ நோயாளி, எழுப்பும் ஒவ்வொரு நாளும் அவள் ஆயுளில் ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்று தெரிந்ததும் பெட்டியை மூடிவிட்டுக் கசந்த கிழவனாகிறான். மீண்டும் அதே கஞ்சன்!

இந்த இடம்தான் இந்த அத்தியாயத்தை எனக்கு உயர்த்திக் காட்டுகிறது. ஒருவரைக் கேட்காமல் அவருடைய கடந்த காலத்தில் கைவைக்கலாமா என்ற கேள்வி பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்தும். மொஃபட் அதற்குக் கணக்குத் தீர்க்காமல் விடவில்லை. இனிய நினைவுகளைக் கொடுத்தார் டாக்டர். கூடவே முன்பு இல்லாத ஒரு துக்கத்தையும் கொடுத்துவிட்டார். நல்ல நினைவுகள் இருந்தால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்ற எளிய நம்பிக்கை அங்கே உடைகிறது.

பிறகு எது அவனைத் திருப்புகிறது? எதிர்காலத்தைக் காட்டுகிறேன் என்று டாக்டர் அழைத்துவருவது அந்தச் சின்னக் கஸ்ரனையே. குழந்தையின் கண்ணுக்கு எதிரே நிற்கும் கிழவன்தான் எதிர்காலம். ஆத்திரத்தில் கிழவன் கையை ஓங்குகிறான். அந்தக் கை தந்தையின் கை என்று இருவருக்குமே தெரிந்துவிடுகிறது. பையனைக் கட்டிக்கொண்டு அழுகிறான். காம்பன் அந்தச் சில நொடிகளில் செய்ததைப் போன்ற நடிப்பை அறிவியல் புனைகதைத் தொடர்களில் நான் அதிகம் கண்டதில்லை.

அவன் மாறியதற்கும் விலை உண்டு. மேகத்தை அடக்கும் இயந்திரம் அவனை இனி அடையாளம் காண மறுக்கிறது. அது அறிந்த கஸ்ரன் இப்போது இல்லை. கலத்தைக் காப்பாற்ற அபிகெயில் பாட வேண்டும். அதற்கு அவளுடைய கடைசி நாளை எடுத்தாக வேண்டும். அபிகெயிலாக நடித்த வேல்ஸ் பாடகி கேத்தரின் ஜென்கின்ஸின் குரலுக்கு மேகமும் மீன்களும் அடங்குகின்றன. 4003 பேரும் பிழைக்கிறார்கள். அபிகெயில் பிழைப்பதில்லை. பண்டிகை நாளில் குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சியில் மரணத்தை மழுப்பாமல் வைத்த துணிவை நான் மதிக்கிறேன்.

தொடரை முன்பு பார்த்திராதவர்களும் இதைத் தனியாகப் பார்க்கலாம். ஒரு மணி நேரம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து பாருங்கள்.